இட்லி மாவு: கிரைண்டரா, மிக்ஸியா?

இட்லிக்கு என்றால் கிரைண்டர்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல் நிதானமாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடேறாது, காற்றும் உள்ளே ஏறும். ஒரு மணி நேரம் ஊறிய முழு வெள்ளை உளுந்தை, அவ்வப்போது தண்ணீர் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஓடவிட்டால் பொங்கப் பொங்க வரும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும். அவசரப்பட்டுத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் உளுந்து நீர்த்துப்போய்ப் பொங்காது, இட்லி தட்டையாகிவிடும். பதமாக அரைத்தால் 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து தாராளம்.

மிக்ஸியில் உளுந்து அவ்வளவு காணாது. 3 பங்கு அரிசிக்கு 1 பங்கு போடுங்கள். பிளேடு வேகத்தில் ஜார் சூடாவது தொட்டாலே தெரியும். மாவு ரொம்பச் சூடேறினால் ஒழுங்காகப் புளிக்காது. அதனால் ஐஸ் தண்ணீர் விட்டு, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு அரைக்க வேண்டும். அரிசியைச் சன்ன ரவை பதத்திலேயே எடுத்துவிடுங்கள். நைஸாகிவிட்டால் இட்லி பிசுபிசுக்கும்.

தோசைக்கு மட்டும்தான் மாவு என்றால் மிக்ஸியே போதும். கல்லைத் தூக்கிக் கழுவும் வேலையும் மிச்சம்.