பிகின், ஸ்டார்ட், கமென்ஸ்: எதை எங்கே எழுதுவது?

தமிழில் ‘தொடங்கு’ என்ற ஒரே வினை பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்திவிடுவதால், ஆங்கிலத்தில் எழுதும்போது பிகின், ஸ்டார்ட், கமென்ஸ் ஆகிய மூன்றையும் விருப்பம்போல் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம்.

ஸ்டார்ட் என்பதன் பழைய பொருள் துள்ளுதல், திடுக்கிட்டு அசைதல்; திடுக்கிடச் செய்தலைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்டில்’ என்ற சொல்லும் அதே குடும்பத்தது. அந்த அசைவு இன்றும் அதில் ஒட்டியிருப்பதால், எஞ்சினுக்கும் பயணம் புறப்படுவதற்கும் ஸ்டார்ட் மட்டுமே பொருந்தும், பிகின் பொருந்தாது. நாமும் ‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்கிறோமே தவிர, ‘வண்டி தொடங்கவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை.

பிகின் சற்று நிதானமான சொல். உரை, கதை, மெல்ல விளங்கத் தொடங்கும் ஓர் எண்ணம் ஆகியவற்றுக்கு அது நன்றாக அமைகிறது. ஆனால் பிகேன், பிகன் என்று வடிவம் மாறுவதால், ‘ஹேவ்’ வரும் இடத்தில் பிகேன் என்று எழுதிவிடும் பிழை அடிக்கடி நேர்கிறது. ஸ்டார்ட் என்ற சொல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கமென்ஸ் வேறு வழியில் வந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையிலும் சட்டத்திலும் செல்வாக்குப் பெற்ற பிரெஞ்சு மொழியிலிருந்து நுழைந்த அச்சொல், அந்த மிடுக்கை இன்னும் விடவில்லை. சட்டத்தில் அதற்கு நியாயமான இடமுண்டு: நம் அரசமைப்பின் 394ஆம் பிரிவு 26 ஜனவரி 1950ஐ அரசமைப்பின் ‘கமென்ஸ்மென்ட்’ என்று வரையறுக்கிறது, 343ஆம் பிரிவு ஆங்கிலம் தொடர்வதற்குத் தந்த 15 ஆண்டுகளும் அந்த நாளிலிருந்தே எண்ணப்பட்டன. (1965 ஜனவரியில் தமிழ்நாடு கொந்தளித்ததும் இந்தக் கணக்கினால்தான்.) இப்படி நாளைத் துல்லியமாக நிறுத்த வேண்டிய இடத்தில் ஸ்டார்ட் மிகச் சாதாரணமாக ஒலிக்கும்.

கல்லூரிச் சுற்றறிக்கையில் ‘கிளாஸஸ் வில் கமென்ஸ் ஃப்ரம் 15 ஜூன்’ என்று எழுதுவதற்கோ அத்தகைய தேவை எதுவும் இல்லை. அங்கே ‘ஃப்ரம்’ என்பதும் நம் ‘முதல்’ என்ற சொல்லின் நிழல்தான்; தொடக்கம் ஒரு நாளில் நிகழ்வதால் ‘ஆன்’ என்பதே ஆங்கில வழக்கு. என்னைக் கேட்டால், அந்த வரியில் ‘பிகின் ஆன்’ என்று எழுதுவேன். நண்பருக்கு அனுப்பும் செய்தியானால் ஸ்டார்ட் போதும்.