ஒரே கைபேசியில் அறுபது விடைகள்: பெரிய மொழி வகுப்பில் பிளிக்கர்ஸ் செயலி

அறுபது மாணவர் அமர்ந்திருக்கும் மொழி வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்ற ஒரே குரல் எழும். அந்தக் குரல் முன்வரிசையிலிருந்து வருகிறது என்பதும், அதை நம்பி அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது என்பதும் ஆசிரியர் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போகிறோம்; ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் பாடவேளை அதிலேயே முடிந்துவிடும். பிளிக்கர்ஸ் என்னும் செயலி இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்காகவே உருவானது. அமெரிக்காவில் கணித ஆசிரியராக இருந்த நோலன் ஏமி தொடங்கிய இந்தச் செயலியை மொழி வகுப்பில், அதிலும் மாணவர் எண்ணிக்கை மிகுந்த வகுப்பில், பயன்படுத்தினால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை ஒரு தமிழாசிரியரின் கண்கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன்.

செயலி இயங்கும் முறை எளிது. மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு காகித அட்டை இருக்கும். அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு வடிவம் அச்சாகியிருக்கும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு, எண்ணும் வேறு. வடிவத்தின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகள் மிகச் சிறிதாக இருக்கும். தாம் தேர்ந்த விடைக்குரிய எழுத்து மேலே வருமாறு மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் கைபேசியின் ஒளிப்படக் கருவியை வகுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்த்தினால் போதும். அட்டைகளைச் செயலி தானே படித்து, யார் எந்த விடையைத் தேர்ந்தார் என்று பதிவு செய்துகொள்ளும். சரியான விடை பச்சையாகவும் தவறானது சிவப்பாகவும் கைபேசித் திரையிலேயே தெரியும். எழுத்துகள் சிறிதாக இருப்பதாலும் ஒருவர் அட்டையைப் போல் இன்னொருவர் அட்டை இல்லாததாலும், பக்கத்தில் இருப்பவர் எதைக் காட்டுகிறார் என்று எட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதன்று. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயைத் திறக்காத மாணவரும் கூச்சமின்றிக் கையுயர்த்துவதற்கு இதுவே காரணம்.

தொழில்நுட்பத்தைப் புதிதாகக் கற்கும் ஆசிரியருக்கு முதல் கருவியாக இதைத்தான் பரிந்துரைப்பேன். இதில் கருவி ஆசிரியர் கையில் மட்டுமே இருக்கிறது. மாணவருக்குக் கைபேசி வேண்டாம், கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் பாடவேளையை விழுங்குவது பெரும்பாலும் பாடமோ கருவியோ அல்ல, உள்நுழைவுதான். அறுபது பேரும் தத்தம் கருவியில் ஓர் இணைய முகவரிக்குப் போய், எண்ணைத் தட்டி, பெயரைப் பதிந்து முடிப்பதற்குள் நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் கணிசமான பகுதி போய்விடும். அதன்பின் மின்கலம் தீர்ந்தவர், இணைப்பு அறுந்தவர், எண்ணைத் தவறாகத் தட்டியவர் என்று ஒவ்வொருவராகக் கையுயர்த்துவர். ஆசிரியர்களுக்கான பயிலரங்குகள் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு செயலிகளை அறிமுகம் செய்துவிட்டு அனுப்பிவைக்கின்றன. அவற்றில் எது அறுபது பேர் உள்ள அறையில் ஓடும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த கஹூட் என்னும் வினாடிவினா விளையாட்டுச் செயலி இதே வகையில் புகழ்பெற்றது. வகுப்பு கலகலப்பாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வழக்கமான விளையாட்டில் சரியான விடைக்கு மட்டுமின்றி விரைவுக்கும் மதிப்பெண் உண்டு. மொழி வகுப்பில் விரைவு என்பது பல நேரங்களில் வாசிப்பு வேகம்தான். மெல்லப் படித்துச் சரியாகச் சிந்திக்கும் மாணவர் ஒவ்வொரு வினாவிலும் பின்தங்கிக்கொண்டே போவார். காலவரம்பை நீட்டவும் மதிப்பெண்ணை நீக்கவும் அதில் வழி உண்டு. அவற்றையெல்லாம் நீக்கியபின் அந்த விளையாட்டில் மிஞ்சும் கலகலப்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி. பிளிக்கர்ஸில் ஓட்டப்பந்தயம் இல்லை. எல்லாரும் அட்டையை உயர்த்தும் வரை ஆசிரியர் காத்திருக்கலாம். ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார் என்பதும், அதை மூன்று நொடியாக நீட்டினாலே மாணவரின் விடைகள் நீண்டும் செறிந்தும் வருகின்றன என்பதும் 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ நிகழ்த்திய ஆய்வுகளால் தெரியவந்தவை. அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சரியான பக்கத்தை மேலே கொண்டுவர மாணவர் எடுத்துக்கொள்ளும் அவகாசமே அந்தக் காத்திருப்பை ஆசிரியர்மேல் திணித்துவிடுகிறது.

இனிக் கருவியின் உண்மையான மதிப்பைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வருவோம்: வினா. ஓர் எடுத்துக்காட்டு. வல்லினம் மிகும் இடங்களை நடத்திய மறுநாள் கரும்பலகையில் நான்கு தொடர்களைப் பிரித்து எழுதி, எதில் ஒற்று மிகாது என்று கேட்கிறேன். முதலாவது "அந்த + பாடம்", இரண்டாவது "பாடத்தை + படி", மூன்றாவது "படித்த + பாடம்", நான்காவது "படிக்க + போனான்". சரியான விடை மூன்றாவது. பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது. எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதைவிடத் தவறியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதே ஆசிரியருக்குத் தேவையான செய்தி. தவறியவர்களில் பெரும்பகுதி நான்காவதைக் காட்டினால், அவர்களுக்கு ஒற்று விதி தெரியவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. "படித்த", "படிக்க" இரண்டும் அகரத்தில் முடிவதால் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். அவர்களுக்கு விதியை இன்னொரு முறை ஒப்பிக்கச் சொல்வதால் பயனில்லை. எச்சங்களை மீண்டும் நடத்த வேண்டும். மாறாக, முதல் விடையைப் பலர் காட்டினால் சுட்டின் பின் வரும் ஒற்றே பதியவில்லை என்று அறியலாம். ஆக, நான்கு விடைகளில் தவறான மூன்றும் மூன்று வெவ்வேறு குழப்பங்களைச் சுட்டுமாறு வினாவை அமைத்தால்தான் இந்தச் செயலி வேலை செய்கிறது. வெறும் இட்டுநிரப்பலாக ஒரு தவறான விடையைச் சேர்த்தால், அதை யாரும் தேர மாட்டார்கள். ஒரு பக்கம் வீணாகும். அப்படி ஒரு நல்ல வினாவை எழுத அரைமணி நேரம்கூடப் பிடிக்கும். செயலியைக் கற்பதற்கோ ஒரு மாலைப்பொழுது போதும்.

கேட்டல் பயிற்சிக்கும் இது பொருந்துகிறது. "அலகு, அளகு, அழகு" என்று மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை மட்டும் உச்சரித்து, கேட்ட சொல் எது என்று வினவலாம். லகர, ளகர, ழகர வேறுபாட்டை உச்சரிப்பில் திருத்துவதற்கு முன், காதில் அது விழுகிறதா என்று அறிய வேண்டுமல்லவா? வழக்கமாக எல்லாரையும் ஒருசேரச் சொல்லவைக்கும்போது இந்த வேறுபாடு கூட்டுக்குரலில் கரைந்துபோகிறது. அட்டையில் அது கரைய வழியில்லை. இதற்குத் திரையும் ஒளிவீழ்த்தியும்கூட வேண்டாம். கரும்பலகையும் ஒரு கைபேசியும் போதும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்டுவரும் ஒரு முறை பெரிய வகுப்புகளுக்கென்றே ஏற்பட்டது. வினாவைத் தந்து தனித்தனியே விடை சொல்லச் செய்வது, பிறகு அருகிலிருப்பவரோடு விவாதிக்கச் செய்வது, மீண்டும் அதே வினாவுக்கு விடை கேட்பது என்பது அதன் ஒழுங்கு. ஏறக்குறைய 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லும்போதுதான் அந்த விவாதம் பயன்தரும். அதற்குக் குறைந்தால் ஆசிரியரே மீண்டும் விளக்க வேண்டும், மிகுந்தால் அடுத்ததற்குப் போய்விடலாம். இயற்பியல் வகுப்பில் அந்த விவாதம் பாடத்தைப் புரிந்துகொள்வதற்கான ஒரு வழி மட்டுமே. மொழி வகுப்பில் அதுவே பாடம். "இது பெயரெச்சம் இல்லை, ஏனென்றால்..." என்று ஒரு மாணவர் தம் பக்கத்தில் இருப்பவரோடு கற்கும் மொழியிலேயே வாதாடுவதைவிடப் பெரிய பேச்சுப் பயிற்சியை அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில் வேறு எப்படித் தர முடியும் என்று தெரியவில்லை. எனவே முதற்சுற்றின் முடிவைத் திரையில் காட்டாமல் வைத்திருப்பது நல்லது. பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் வாதம் அடங்கிவிடும்.

அட்டைத் தொகுப்புகள் 40 அட்டைகள் கொண்டதாகவும் 63 அட்டைகள் கொண்டதாகவும் கிடைக்கின்றன. பதிவிறக்கி நாமே அச்சிட்டுக்கொள்ளலாம். வகுப்பு 63ஐத் தாண்டினால் இருவருக்கு ஓர் அட்டை என்று கொடுத்துவிடலாம். இது குறையை ஈடுகட்டும் ஏற்பாடு மட்டுமன்று. அட்டையைத் திருப்புமுன் இருவரும் பேசி உடன்பட வேண்டியிருப்பதால் சில வினாக்களுக்கு இதுவே சிறந்த முறை. கட்டணமில்லாமல் பயன்படுத்துவோர் ஒரு வினாத் தொகுப்பில் சேர்க்கக்கூடிய வினாக்களுக்கு வரம்பு உண்டு. மொழியாசிரியருக்கு அது ஒரு பொருட்டாகாது. ஒரு பாடவேளையில் இரண்டு அல்லது மூன்று வினாக்களுக்கு மேல் கேட்டால் விவாதத்துக்கு நேரம் இருக்காது.

இதற்கு எட்டாத பகுதி பெரியது. அதை மறைத்துப் புகழ்ந்தால் இந்த மதிப்பீட்டால் பயனில்லை. நான்கில் ஒன்றைத் தேர்வது, எழுதுவதும் ஆகாது, பேசுவதும் ஆகாது. "படித்த பாடம்" என்பதைப் பட்டியலில் சரியாக இனங்காணும் மாணவர், கட்டுரை எழுதும்போது "படித்தப் பாடம்" என்று தயங்காமல் எழுதுவார். இனங்காணும் திறனும் ஆக்கும் திறனும் வேறு வேறு. செயலி காட்டும் பச்சை நிறம் முதலாவதற்கு மட்டுமே சான்று. எழுத்துவிடைக்காகக் கூகுள் படிவத்தின் குறுவிடை வசதியை நாடுவோர் உண்டு. தானியங்கித் திருத்தத்தை நம்பினால், ஆசிரியர் முன்கூட்டியே பட்டியலிட்ட விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்த விடைக்கே மதிப்பெண் கிடைக்கும். ஒரே கருத்தைப் பல விதமாகச் சொல்லக்கூடிய மொழிப்பாடத்தில் அது ஒற்றைச்சொல் விடையைத் தாண்டிச் செல்லாது. பேச்சைக் குரல்பதிவாக வாங்கலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் அறுபது பேருக்கு இரண்டு மணி நேரம் கேட்டாக வேண்டும். வாரத்துக்குப் பத்துப் பேர் என்று சுழற்சி முறை வைத்துக்கொண்டாலன்றி எந்த ஆசிரியரும் அதைத் தொடர்ந்து செய்ய மாட்டார்.

இன்னொன்று, விடைப்பதிவு அறிக்கையைத் தேர்வு மதிப்பெண்ணாக மாற்றும் ஆசை. வகுப்பு முடிந்ததும் யார் எதில் தவறினார் என்ற பட்டியல் அழகாக வரிசைப்பட்டுக் கிடைப்பதால், அதை அப்படியே அகமதிப்பீட்டில் சேர்த்துவிடலாமே என்று நிர்வாகத்தில் யாரேனும் கேட்பார்கள். சேர்த்த அன்றே மாணவர் தாம் நினைப்பதைக் காட்டுவதை விட்டு, கெட்டிக்காரர் காட்டுவதைக் காட்டத் தொடங்குவர். அதன்பின் வரும் பச்சையையும் சிவப்பையும் வைத்துப் பாடத்தைத் திட்டமிட முடியாது. மாணவர் பெயர்களுக்குப் பதில் வரிசை எண்களை மட்டுமே செயலியில் ஏற்றினால், சிறார் விவரங்களை வெளியாரின் கணினியில் வைக்கும் கவலையும் தீரும். வருகைப்பதிவேடு ஆசிரியர் மேசையில் இருக்கும்போது எண்ணே போதுமானது.

அச்சிடும்போது சில செய்திகளைக் கவனிக்க வேண்டும். மெல்லிய தாளில் அச்சிட்டால் உயர்த்திப் பிடிக்கும்போது வளைந்து வடிவம் கெடும், கெட்டித்தாள் வேண்டும். பளபளப்பான மேலுறை போட்டால் சன்னலோரத்தில் அமர்ந்திருப்போரின் அட்டை வெளிச்சத்தில் மினுங்கும், அதைக் கைபேசியால் படிக்க இயலாது. மினுக்கம் இல்லாத உறை தேவை. விரல் கட்டங்களை மறைக்கக் கூடாது என்பதை முதல் நாளே பழக்கிவிட வேண்டும். பின்வரிசையினர் அட்டையைத் தலைக்குமேல் உயர்த்தாவிட்டால் முன்னிருப்பவரின் கை மறைக்கும். ஆசிரியர் ஒரே இடத்தில் நிற்காமல் நடுவழியில் இரண்டு எட்டு நடந்து மறுமுறை பார்த்தால் விடுபட்டவையும் பதிவாகிவிடும். அட்டைகளை மாணவரிடமே விட்டுவைத்தால் மாதக் கடைசியில் பாதி காணாமல் போகும். குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒட்டிவைக்கச் சொல்வது பலர் கையாளும் வழி. அப்படிச் செய்தால் குறிப்பேட்டையே திருப்பிப் பிடிக்கலாம், அது வளைவதும் இல்லை. வராதவர் எண் பட்டியலில் வெறுமையாகவே நிற்கும், அதனால் கூட்டுத்தொகை பிழைபடாது. உதிரியாக ஒரு முழுத் தொகுப்பை அச்சிட்டு மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வது நல்லது. குறிப்பேட்டை மறந்து வருவோர் நாள்தோறும் இருப்பர்.