கார் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப் வேண்டுமா? உப்புக்காற்று ஊர்களுக்கு ஒரு கணக்கு

காரில் சத்தம் போதவில்லை என்றதும் கடையில் கை காட்டுவது தனி ஆம்ப்பைத்தான் (ஸ்பீக்கருக்குப் போகும் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி). இன்னொரு வழியும் இருக்கிறது: ஸ்டீரியோவின் பவரிலேயே நன்றாகப் பாடும், சென்சிடிவிட்டி அதிகமுள்ள, அதாவது அதே வாட்ஸில் அதிகச் சத்தம் தரும் ஸ்பீக்கர். என் வண்டியில் இருப்பது இதுதான். புதுச்சேரி, கடலூர் பக்கம் கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

விலையும் இடமும் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். சத்தக் கணக்குக்கு வருவோம்.

ஸ்டீரியோ பெட்டியில் 4x50 வாட்ஸ் என்று போட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து கிடைக்கும் ஆர்எம்எஸ், சேனலுக்கு 15 முதல் 22 வாட்ஸ்தான். பின்னால் 10 ஆம்பியர் பியூஸ் இருந்தால் 13.8 வோல்ட்டில் உள்ளே போவதே 138 வாட்ஸ். 200 எப்படி வெளியே வரும்? நடுவில் 18 வாட்ஸ் என்று வைத்து, அதை 92 டெசிபல் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் சத்தம்) ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்: ஒரு மீட்டரில் ஏறக்குறைய 104.6 டெசிபல். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஆம்ப்பிலிருந்து 60 வாட்ஸ் கொடுத்தால் 105.8. இவ்வளவு செலவுக்கும் கூடியது ஒன்றேகால் டெசிபல்கூட இல்லை.

ஆனால் பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே நம்பக்கூடாது. '1 வாட்/1 மீட்டர்' என்றிருந்தால் சரி. '2.83 வோல்ட்' என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட்ஸ். 3 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோ குறைந்தபட்சம் 4 ஓம் கேட்டால் 2 ஓம் ஸ்பீக்கர் மாட்டவே வேண்டாம். உள்ளே ஐசி சூடாகி, சித்திரை வெயிலில் பாட்டு நடுவில் நிற்கும்.

இனி பராமரிப்பு. என் முடிவு இதில்தான் நின்றது. ஆம்ப் வைத்தால் பேட்டரி டெர்மினல், பியூஸ் ஹோல்டரின் இரு முனை, ஆம்ப்பின் பிளஸ், எர்த், பாடியில் எர்த் போல்ட் என்று அதிகக் கரன்ட் ஓடும் ஆறு இணைப்புகள் புதிதாக வருகின்றன. வீராம்பட்டினத்திலோ தேவனாம்பட்டினத்திலோ ராத்திரி வெளியே நிற்கும் வண்டியில் அந்த ஆறிலும் உப்பு ஏறும். ஒரு இணைப்பில் 0.1 ஓம் தடை வந்தால் போதும்: 20 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே போய்விடும், 40 வாட்ஸ் சூடாக மாறும். பியூஸ் ஹோல்டர் பிளாஸ்டிக் இளகுவதற்கும், பேஸ் அடிக்கும்போது ஆம்ப் தானாக அணைந்து புரொடெக்‌ஷனுக்குப் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மலிவான கிட்டில் வரும் வயர் இன்னும் மோசம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். வெட்டின முனையில் சீக்கிரமே வெள்ளைப் பொடி பூக்கும்.

அப்படியும் ஆம்ப் வேண்டும் என்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் வருடா வருடம் இதைச் செய்யுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றி, எர்த் போல்ட்டைப் பிரித்து, உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பிறகு மைனஸை மாட்டி, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஆம்ப்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 0.2-ஐத் தாண்டினால் வேலை பாக்கி. சீட்டுக்கு அடியில் தரையோடு ஆம்ப்பை வைக்காதீர்கள். தண்ணீர் தேங்கும் தெருவில் முதலில் நனைவது அதுதான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் நிச்சயம் நல்லது, ஆனால் எத்தனை வருடம் தாங்கும் என்பது வண்டி நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

சப்-ஊஃபர் வேண்டும் என்பவருக்கும், ஜன்னலைத் திறந்து ஈசிஆரில் வேகமாகப் போகிறவருக்கும் ஆம்ப் இல்லாமல் சரிப்படாது. அவர்கள் கிளாஸ் டி வகை ஆம்ப் வாங்கட்டும். இன்னொரு வகையான கிளாஸ் ஏபியைவிடக் கரன்ட்டும் சூடும் குறைவு. ஆம்ப்பின் கெயின் திருகை (ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதை வைக்கும் திருகு) காதால் கேட்டு வைக்காதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, சேனலுக்கு 60 வாட்ஸ், 4 ஓம் என்றால் மல்டிமீட்டர் ஏசியில் 15.5 வோல்ட் காட்டும் இடத்தில் விடுங்கள். அதற்கு மேல் திருகினால் அலை வெட்டுப்பட்டு முதலில் போவது உச்ச ஸ்வரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்.

எந்த வழியானாலும் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள பேஸை வடிகட்டும் செட்டிங்) போடுங்கள். கதவின் உள்தகரத்து ஓட்டைகளைப் பியூட்டைல் ஷீட்டால் அடையுங்கள், கீழே மழைநீர் வடியும் துளைகளை மட்டும் விட்டுவிட்டு.