சியர்ஃபுல், ஜோவியல், ஜாலி, மெர்ரி: எதை எங்கே சொல்வது?

எப்போதும் உற்சாகமாக இருக்கும் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத அகராதியைத் திறந்தால், இந்த நான்குக்கும் 'மகிழ்ச்சியான' என்றே பொருள் போட்டிருக்கும். ஆனால் சொல்லை மாற்றிப் போட்டால் ஆளே மாறிவிடுவார்.

என் ஓட்டு சியர்ஃபுல்லுக்கு. இதன் வேரான 'சியர்', முகத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கிட்டத்தட்ட நம் முகமலர்ச்சிதான். மனதுக்குள் எத்தனை கவலை இருந்தாலும் வெளியே தெரிகிற தெளிச்சி அது. அதனால்தான் நோயில் படுத்திருப்பவரைக்கூட சியர்ஃபுல்லாக இருக்கிறார் என்று சொல்ல முடிகிறது. அதே இடத்தில் ஹேப்பி என்றால் ஒட்டாது. குழந்தை, பாட்டி, குரல், மஞ்சள் சுவர், வெயில் விழும் அறை என எதோடும் சியர்ஃபுல் சேரும்.

ஜோவியல் அப்படி இல்லை. ரோமானியக் கடவுள் ஜூபிடரின் இன்னொரு பெயரான ஜோவ் என்பதிலிருந்து வந்தது. வியாழன் கிரகத்தின் ஆதிக்கத்தில் பிறந்தவர் கலகலப்பானவர் என்பது ஐரோப்பியச் சோதிடம். சனியின் பெயரிலிருந்து வந்த சேட்டர்னைன் இறுகிய, சோர்ந்த ஆளைக் குறிக்கும். குருவையும் சனியையும் அறிந்த நமக்கு இது எளிதில் புரியும். ஜோவியலுக்கு நாலு பேர் வேண்டும், பேச்சும் சிரிப்பும் வேண்டும். ஜன்னலோரம் தனியாகப் புன்னகைப்பவர் சியர்ஃபுல், ஜோவியல் இல்லை. பிரிவுபசார விழாக்களில் அமைதியானவருக்கும் இந்தப் பட்டத்தைக் கொடுப்பது அவருக்கே பொருந்தாத சட்டை.

ஜாலி தமிழிலேயே குடியேறிவிட்டது, சிக்கலும் அங்கேதான். நமக்கு அது கவலையில்லாமல் பொழுதைக் கழிப்பது. ஆங்கிலத்தில் ஒருவரை ஜாலி என்றால், குலுங்கிச் சிரிக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி ஆள் நினைவுக்கு வருவார். வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஆம் எ ஜாலி பர்சன்' வேண்டவே வேண்டாம். பிரிட்டனில் 'ஜாலி குட்' என்றால் 'ரொம்ப நல்லது', அவ்வளவுதான்.

பழைய நாவல்களில் உற்சாகத்தைக் குறித்த 'கே' என்ற சொல்லும் உண்டு. இன்று அது தன்பாலீர்ப்பாளரைக் குறிப்பதால் இந்தப் பட்டியலில் அதற்கு வேலையில்லை.

அப்புறம் மெர்ரி. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலேயே இந்தச் சொல் இருக்கிறது. பண்டிகை வாழ்த்துக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் விருந்துக்கு வந்த பிரிட்டிஷ்காரரைப் பார்த்து 'மெர்ரியாக இருக்கிறீர்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். லேசாகப் போதையேறியிருக்கிறது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.