எல்.கே.ஜி. சேர்க்கப் போய் 2,98,000 ரூபாய் விட்ட கதை

சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் பிள்ளைக்கு முதல் பள்ளி தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை, வழக்கு போட்டிருக்கிறோம், வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் நாவலூரில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை சென்னை வாடகை, பின்கோடு 600-இல் ஆரம்பிக்கும், மாவட்டம் மட்டும் செங்கல்பட்டு. இது முக்கியம் என்று புகார் கொடுக்கப் போன அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

2022 நவம்பர். மகளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். அடுத்த ஜூனில்தான் எல்.கே.ஜி., ஆனால் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் அக்டோபரிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. அங்கே முடிந்துவிட்டதாம், இங்கே ஃபார்ம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். மனைவிக்குத் தூக்கம் போனது, அதைப் பார்த்து எனக்கும் போனது. அந்த நேரத்தில்தான் சர்வீஸ் ரோட்டில் ஒரு பலகை கண்ணில் பட்டது. பெயரில் 'இன்டர்நேஷனல்', அதற்குக் கீழே சி.பி.எஸ்.இ., சுவரில் நீல நிறத்தில் ஒரு யானை.

உள்ளே போனால் ஏ.சி., காபி, அட்மிஷன் கவுன்சலர் என்று ஒரு பெண். "சார், இன்னும் நாலு சீட்தான் இருக்கு, அதுலயும் ரெண்டு சிப்ளிங்குக்கு ஹோல்டு பண்ணி வெச்சிருக்கோம்" என்றார். இந்த 'நாலு சீட்' வசனத்தை இரண்டு வருடம் கழித்து மற்ற பெற்றோரிடம் கேட்டேன். டிசம்பரில் போனவருக்கும் நாலு சீட், மார்ச்சில் போனவருக்கும் நாலு சீட்.

அப்புறம் மகளைத் தனியாகக் கூட்டிப் போய் நிறம், பழம் எல்லாம் கேட்டார்கள். எங்கள் இருவரிடமும் என்ன படிப்பு, எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு இப்படிக் குழந்தையையும் பெற்றோரையும் வடிகட்டுவதைத் தடை செய்கிறது, நன்கொடை வாங்குவதையும் தடை செய்கிறது, வாங்கினால் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 6 முதல் 14 வயது வரை. எல்.கே.ஜி. பிள்ளைக்கு மூன்றரை, நாலு. அந்த இடுக்கில்தான் ஊர் முழுக்கக் கடை போட்டிருக்கிறார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் 1,500, அட்மிஷன் 45,000, மூன்று டெர்முக்குத் தலா 27,000, புத்தகம் யூனிஃபார்ம் சேர்த்து 'கிட்' என்று 13,500. இது போக 'வளர்ச்சி நிதி' 50,000, ரொக்கமாக. யு.கே.ஜி.யில் டெர்ம் 31,000 ஆனது, கிட் 14,000 ஆனது. வேனைச் சேர்க்காமல் இரண்டு வருடத்துக்கு 2,98,000. ஒரு பிள்ளை ஏ முதல் இசட் வரை படிக்க, ஒரு எழுத்துக்கு 11,000 ரூபாய்க்கு மேல் என்று மனைவி இப்போது சிரிக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இவ்வளவு ஏன் கட்டினோம்? அவர்கள் விற்றது எல்.கே.ஜி. இல்லை, ஒன்றாம் வகுப்பு. "இப்போ இங்க சேர்த்தா ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு எங்க பெரிய கேம்பஸ்ல நேரடி சீட் சார், திரும்ப அலைய வேண்டாம்" என்றார்கள். பெரிய கேம்பஸின் படம் சுவரில் மாட்டியிருந்தது. நீச்சல் குளம் கூட இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த படம் அது என்று எனக்குத் தெரியாமல் இல்லை, நானே ஐ.டி.யில்தான் இருக்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் மனசு படத்தை நம்பத்தான் பார்க்கிறது. யோசித்துப் பாருங்கள், எல்.கே.ஜி.யில் சி.பி.எஸ்.இ. என்ன, ஸ்டேட் போர்டு என்ன, பிள்ளை ஆப்பிளுக்குச் சிவப்பு அடிக்கப் போகிறது. அதற்கு சி.பி.எஸ்.இ. என்று பெயர் போட்டுக் கூடுதலாக வாங்குவது காற்றை எடை போட்டு விற்கிற மாதிரி.

அம்மா ஊரிலிருந்து வந்தபோது ஒருநாள் கூடவே வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடி விளையாட எடம் எங்கடா தம்பி?" என்றார். மேலே ஆக்டிவிட்டி ஹால் இருக்கிறது என்றேன். அந்த ஹால் மூன்றாவது மாடி, தகர ஷீட் கூரை, ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுத ஆள் நான். அதற்குப் பிறகு கட்டிட உறுதிச் சான்று, கட்டிட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என்று எல்லாவற்றிலும் அரசாங்கம் கறாரானது. நான்கும் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏ.சி. வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

முதல் மணி 2024 ஜனவரியில் அடித்தது. அலுவலகத்தில் வரிச் சலுகைக்கு ஆதாரம் கொடுக்கும் மாதம். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் காட்ட முடிந்தது, நர்சரிக்கும் இருந்தது. ரசீதுகளைக் கட்டாக ஏற்றினேன். பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று பார்த்தால் டெர்ம் ஃபீஸ் ரசீதில் டியூஷன் என்று போட்டிருந்தது 6,000 மட்டும், மீதி 21,000 'ஆக்டிவிட்டி', 'டிஜிட்டல்', இன்னும் என்னென்னவோ. நன்கொடைக்கும் வளர்ச்சிக் கட்டணத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. சரி, போனது போகட்டும் என்று விட்டேன். அக்கவுண்ட்ஸில் இருந்த நண்பர் ஒருவர்தான் கேட்டார்: "என்னடா, ஸ்கூல் ரசீதுல பிரைவேட் லிமிடெட்னு போட்டிருக்கு?"

அப்போதுதான் ரசீதின் மேல் வரியை முதல்முறையாகப் படித்தேன். பள்ளியின் பெயரே இல்லை. ஏதோ 'லேர்னிங் சர்வீசஸ் பிரைவேட் லிமிடெட்'. 50,000 ரூபாய்க்குக் கொடுத்த துண்டுச் சீட்டில் வேறு ஊரில் உள்ள ஓர் அறக்கட்டளை, 'மனமுவந்து அளித்த நன்கொடை' என்று. சி.பி.எஸ்.இ. பள்ளியை லாப நோக்கில்லாத அறக்கட்டளையோ சங்கமோ அந்த மாதிரிக் கம்பெனியோதான் நடத்த முடியும், சாதாரண பிரைவேட் லிமிடெட் நடத்த முடியாது. இது அன்றைக்கே கூகுளில் கிடைக்கிற விஷயம். நான் தேடவில்லை. கவுன்சலரிடம் கேட்டேன், "அது பில்லிங் என்டிட்டி சார்" என்றார், தலையாட்டிவிட்டு வந்தேன். என் தப்பு என்றால் இதுதான், மற்றதெல்லாம் ஏமாந்தது.

2025 பிப்ரவரி, யு.கே.ஜி. முடியும் நேரம். பெற்றோர் கூட்டத்தில் பெரிய கேம்பஸ் தாமதமாகிறது, ஒன்றாம் வகுப்பு 'தற்காலிகமாக' கேளம்பாக்கம் தாண்டி இன்னொரு கிளையில் நடக்கும் என்றார்கள். அன்று மாலை வேன் ஓட்டும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்தக் கெளை போன வருஷம் வேற பேர்ல இருந்துச்சு. அங்க ரெண்டாங்கிளாஸே இல்ல." இரண்டு வருடத்தில் எங்களிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்.

அன்றிரவு மகளின் பள்ளி டைரியை எடுத்தேன். முதல் பக்கத்தில் சி.பி.எஸ்.இ. இணைப்பு எண் அச்சடித்திருந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 19 என்று ஆரம்பிக்கும், இதுவும் அப்படித்தான் இருந்தது. வாரியத்தின் இணையதளத்தில் போட்டால் உண்மையாகவே ஒரு பள்ளி வந்தது. ஆனால் வேறு மாவட்டத்தில், வேறு முகவரியில். அந்த அறக்கட்டளையின் ஊர். ஒரு மாவட்டத்தில் உள்ள வளாகத்துக்குக் கொடுத்த எண்ணை வேறு மாவட்டத்து வளாகம் போட்டுக்கொள்ள முடியாது. நம் ஊர் வளாகத்துக்கு ஒன்றுமே இல்லை. யூடைஸ் எண் என்று எல்லாப் பள்ளிக்கும் 11 இலக்கத்தில் ஒன்று உண்டு, தமிழ்நாடென்றால் 33-இல் தொடங்கும், அதுவும் இல்லை. அரசின் மாணவர் பதிவேடான எமிஸில் மகளுக்கு எண்ணும் இல்லை. அரசுக் கணக்குப்படி என் மகள் இரண்டு வருடம் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

பணத்தைக் கேட்டேன். "மேனேஜ்மென்ட் பாலிசி சார்" என்றார்கள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று இருந்தது, கீழே என் கையெழுத்து. டி.சி. கேட்டால் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை, இன்னொரு டெர்ம் கட்டணம் 31,000 கட்டு என்றார்கள். இதற்குப் பயந்து கட்டிய பெற்றோர் இருக்கிறார்கள். கட்டாதீர்கள். அங்கீகாரமே இல்லாதவர்கள் கொடுக்கும் டி.சி. வெறும் காகிதம். நாங்கள் பிறகு போன பள்ளியில் தலைமையாசிரியை பிறப்புச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு, "அந்த டி.சி.யை வெச்சு நான் என்னம்மா பண்றது?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

அதற்கு முன் இன்னொரு அடி. இரண்டு நல்ல சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கேட்டோம். ஜூனில் மகளுக்கு ஐந்து வயது ஒன்பது மாதம்தான், ஒன்றாம் வகுப்புக்கு ஆறு முடிய வேண்டும், திரும்ப யு.கே.ஜி.யில் போடுங்கள் என்றார்கள். கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதலே ஆறு வயது விதிதான். ஸ்டேட் போர்டில் ஐந்து முடிந்தால் போதும். சி.பி.எஸ்.இ. என்று சேர்க்கிறவர்கள் இந்த வயதுக் கணக்கை முதல் நாளே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் ஒரு வருடக் கட்டணம் போய்விடுமே. கடைசியில் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் சேர்த்தோம். வேப்பமரம் இருக்கிறது, மண் தரை இருக்கிறது. அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்று போட்ட உத்தரவைக் கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள். தமிழ்நாட்டின் 2009 பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் இயங்கும் குழு அது. முந்தைய இடத்தில் இதைக் கேட்டிருந்தாலே காபியோடு திரும்பி வந்திருப்போம்.

புகாருக்கு முதலில் சென்னையில் அலைந்தேன், பின்கோடு செய்த வேலை. நாவலூர்க்காரர்கள் செங்கல்பட்டு முதன்மைக் கல்வி அலுவலரிடம்தான் போக வேண்டும். போய்க் கொடுத்தோம், விசாரிப்பதாகச் சொல்லி ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டாயிற்று. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பள்ளி கல்லூரியெல்லாம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் நீதிமன்றங்களே ஒன்றுபோலப் பேசவில்லை என்று வக்கீல் எச்சரித்தார். ஆனால் அங்கீகாரம் இருப்பதாகப் பொய் சொல்லிச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி விஷயத்தில் 2009-இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றிருக்கிறது, அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இடத்தில் இப்போது வேறு பெயர்ப் பலகை. அட்மிஷன் நடக்கிறது. அதனால்தான் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்றேன். யானையை மட்டும் அழிக்கவில்லை.

எங்களோடு அந்த இரண்டு வருடங்களில் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் டைரியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கிட் வந்த அட்டைப்பெட்டியில் கூட அந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது. இதுவரை 11 குடும்பம் சேர்ந்திருக்கிறோம். பிரச்சினை தெரிந்த நாளிலிருந்து மனுப்போட இரண்டு வருடம்தான், 2027 பிப்ரவரிக்குள் வந்துவிடுங்கள்.