இரண்டு பஞ்சவர்ணக்கிளி, ஒரு தடுப்புக் கூண்டு: பதினான்கு மாதம் புழங்கிய பிறகு

கூண்டைப் பற்றிச் சொல்லுமுன் அதில் குடியிருப்பவர்களைச் சொல்லிவிடுகிறேன். சொக்கனுக்கு ஒன்பது வயது, மங்கைக்கு ஐந்து. இரண்டும் நீல-மஞ்சள் மக்காவ். வால் நுனிவரை அளந்தால் 80 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், ஆளுக்கு ஒரு கிலோ எடை. சிங்கப்பூர் யீஷுனில் எங்களுடையது ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. சொக்கன் குஞ்சிலிருந்தே எங்களிடம் வளர்ந்தது. மங்கை என் நண்பருடையது. அவர் மகனோடு இருக்க பெர்த்துக்குக் குடிபோனார். ஆஸ்திரேலியாவுக்குள் இங்கிருந்து வளர்ப்புக் கிளியைக் கொண்டுபோக முடியாது. "அண்ணே, நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிக் கிளியோடு ரசீதையும் இறக்குமதிக் காகிதங்களையும் கொடுத்துவிட்டுப் போனார். காகிதத்தை வாங்க மறந்துவிடாதீர்கள். மக்காவ் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள பறவை. முறையாக வந்தது என்று காட்ட முடியாவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

முதல் 45 நாள் மங்கையைத் தனி அறையில் வைத்தோம். புதிதாக வரும் பறவையிடம் நோய் இருந்தால் பழையதற்குத் தொற்றாமல் இருக்க இப்படிச் செய்வார்கள். இதில் நான் எதிர்பாராதது சத்தம். ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கிறது, ஆளைத்தான் காணோம். அதனால் விடிந்தால் ஒரு கச்சேரி, பொழுது சாய்ந்தால் இன்னொன்று. எதிர்வீட்டு ஆன்ட்டி ரொம்ப நாசூக்காக, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லையா என்று கேட்டார். அன்று இரவே உட்கார்ந்து கூண்டு தேட ஆரம்பித்தேன்.

நான் வாங்கியது நடுவில் கழற்றக்கூடிய தடுப்பு வைத்த இரட்டைக் கூண்டு. தீவின் வடக்கே ஒரு கடை. கடையின் பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும். 1,280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வீட்டுக்குக் கொண்டுவர 80 வெள்ளி தனி. அகலம் 163 செ.மீ., ஆழம் 81, உயரம் சக்கரத்தோடு 185. கம்பி 5 மில்லிமீட்டர் தடிமன், இடைவெளி 3 செ.மீ.க்குச் சற்று மேல். மக்காவுக்கு இது சரியான கம்பி. இதைவிட மெல்லியதாக இருந்தால் அந்த அலகுக்கு முறுக்கை நொறுக்குவது மாதிரிதான். பிரேசில் கொட்டையை உடைக்கிற வாய் அது.

முப்பது வருஷம் பஸ் பணிமனையில் வெல்டிங் வேலை பார்த்தவன் நான். பெட்டியைப் பிரித்ததும் முதலில் பார்த்தது பற்றுவைத்த இடங்களைத்தான். சட்டத்தில் வேலை நன்றாகவே இருந்தது. கதவுக் கீல்களில் அவசரம் தெரிந்தது, இரண்டு இடத்தில் பிசிறை அரத்தால் ராவினேன். நான்கு போல்ட்டு குறைந்தது. கடையில் கேட்டால் "அடுத்த கண்டெய்னரில் வரும்" என்றார்கள். எந்தக் கண்டெய்னர் என்று இன்றுவரை தெரியவில்லை. நானே வாங்கி முடுக்கிக்கொண்டேன்.

இனி தடுப்பு. இந்தக் கூண்டை வாங்குவதற்கும் அதுதான் காரணம், திட்டுவதற்கும் அதுதான்.

இரண்டு பெரிய கிளியை ஒரே நாளில் ஒரே கூண்டில் விடக்கூடாது. ஒன்றையொன்று பார்க்க வேண்டும், தொட முடியக்கூடாது. தடுப்பின் வேலை அதுதான். போட்ட முதல் நாளே கத்தல் பாதியாகக் குறைந்தது. ஆனால் இந்தக் கடைக்காரர்கள் வைத்திருப்பது ஒற்றைக் கம்பித் தட்டி. மூன்றாம் நாள் மங்கை அதில் தொற்றி ஏறியது. சொக்கன் அந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்து, கம்பி வழியே தன் பக்கம் நீண்ட கால்விரலைக் கவ்விவிட்டது. ரத்தம். பறவை மருத்துவரிடம் 140 வெள்ளி. விரல் தப்பியது, நகம் ஒன்று போயிற்று. பெரிய கிளிகளுக்கென்றே விற்கும் கூண்டில் இந்தக் குறை இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வார இறுதியில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் இன்னொரு தட்டி செய்து, ஐந்து செ.மீ. தள்ளிப் பொருத்தினேன். துத்தநாகப் பூச்சுக் கம்பி மலிவுதான், ஆனால் கிளி அதைக் கடித்துச் சுரண்டினால் துத்தநாகம் உடம்பில் சேர்ந்து நஞ்சாகிவிடும். வெல்டிங் தெரியாதவர்கள் தடிமனான அக்ரிலிக் பலகை ஒன்றை நடுவில் வைக்கலாம். காற்றோட்டம் கொஞ்சம் குறையும், ஆனாலும் விரல் முக்கியம்.

ஆறு வாரம் அப்படியே ஓடியது. அப்புறம் கூண்டுக்கு வெளியே, நாற்காலி முதுகில், இருவருக்கும் நடுவில் நான் நிற்க, பத்து நிமிடம். பிறகு அரை மணி. ஒருநாள் மங்கை தலையைக் குனிந்து கொடுத்தது, சொக்கன் கோதிவிட்டது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஒன்பது வருஷமாக அந்தத் தலையைக் கோதியவன் நான். இப்போது கையை நீட்டினால் சொக்கன் யோசித்துவிட்டுத்தான் வருகிறது. துணை வந்தால் கிளிக்கு நம் தேவை குறையும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை.

தடுப்பை எடுத்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏழாம் மாதம் சொக்கன் அடித்தட்டுக் காகிதத்தை இழுத்துக் கிழித்து, கூடு கட்டுவது போல மூலையில் குவிக்க ஆரம்பித்தது. கிட்டே போனால் சீறல். இறகு கொடுத்து மரபணுச் சோதனை செய்தோம் (மக்காவில் ஆணையும் பெண்ணையும் பார்த்துச் சொல்ல முடியாது). சொக்கன் பெண்! மங்கைதான் ஆண். பெயரை மாற்றலாமா என்று மகள் கேட்டாள். ஒன்பது வருஷம் கூப்பிட்ட பெயரை எப்படி மாற்றுவது? மருத்துவர் சொன்னபடி மூலை, பெட்டி, காகிதம் எல்லாவற்றையும் எடுத்தோம், இரவு பன்னிரண்டு மணி நேரம் இருட்டு கொடுத்தோம், தடுப்பை மறுபடி போட்டோம். மூன்று வாரத்தில் தணிந்தது. முட்டை வரவில்லை.

தடுப்பு போட்டால் இடம் போதாது, இதையும் வாங்குமுன் யோசியுங்கள். மக்காவ் இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். பாதிக் கூண்டு 81-க்கு 81. குறுக்காக நின்றால்தான் முழுசாக விரிக்க முடியும், அங்கே கழி இருந்தால் அதுவும் முடியாது. மண்டாய் பேர்ட் பாரடைஸில் மக்காவ் பறப்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்று இந்தக் கூண்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அதனால் பகலில் இது எங்கள் வீட்டில் திறந்தே கிடக்கிறது. பூட்டுவது தூங்கவும் நாங்கள் வெளியே போகும்போதும் மட்டும்.

பூட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. கதவின் தாழ்ப்பாளைச் சொக்கன் இரண்டே நாளில் படித்துவிட்டது. தேக்காவில் வாங்கிய சின்னப் பூட்டைத் திருகித் திருகி வளையத்தையே கழற்றியது. இப்போது மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் திருகுக் கொக்கி போட்டிருக்கிறேன். இதுவரை தாக்குப்பிடிக்கிறது.

சக்கரங்கள் நல்ல தரம், பிரேக் பிடிக்கிறது. வெள்ளிக்கிழமை என் மனைவி சாம்பிராணி போடும் நேரம் மொத்தக் கூண்டையும் உள்ளறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவோம். பறவையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது. கழிவுத் தட்டு மட்டமான தகரம். வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் ஓரம் துருவேறியது. கொடுத்த கழிகள் இரண்டும் மூன்றாம் நாளே சிராய் ஆகிவிட்டன, அது பரவாயில்லை, கடிக்கத்தானே கிளி.

ஐந்துக்கு மூன்று. இரட்டைத் தட்டி வைத்து விற்றால் நாலரை கொடுப்பேன். வாங்குவதாக இருந்தால் ஒன்று: பெரிய பலகைகள் ரொம்ப நீளம். எங்கள் புளோக்கின் பழைய மின்தூக்கியில் சாய்த்துத்தான் ஏற்ற முடிந்தது, கொண்டுவந்த பையன் அதற்குத் தனியாகப் பத்து வெள்ளி கேட்டான். கொடுத்தேன். பாவம், உள்ளே வந்ததும் மங்கை அவன் தொப்பியைப் பறித்துக்கொண்டது.