ஃப்ரேம் போட்ட பறவை அட்டையா? அவசரப்பட்டு வாங்காதீர்கள்

சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த பழைய பட அட்டைகளைச் சேகரிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள். போன மாதம் லண்டனுக்கு வெளியே ஒரு பழம்பொருள் சந்தையில் 6 அட்டைகளுக்கு 140 பவுண்ட் அழுதேன். ஆறும் போலி.

அமெரிக்காவில் ரிச்மண்டில் இருந்த ஆலன் அண்ட் ஜின்டர் சிகரெட் கம்பெனி 1889இல் வெப்பமண்டலப் பறவைகள் என்று 50 அட்டைகள் போட்டது. பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே செருகிய தடித்த அட்டைதான், ஒன்றரை அங்குலத்துக்கு இரண்டேமுக்கால், ஆனால் கல்லச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து, ஒவ்வொரு நிறமாக ஏற்றி அச்சடித்திருப்பார்கள், அந்தச் சிவப்பையும் பச்சையையும் பார்த்தால் விட மனசே வராது. என் பலவீனமே அதுதான், கடைக்காரரும் அதைப் பார்த்துவிட்டார்.

அட்டைகள் கண்ணாடி ஃப்ரேமுக்குள் இருந்தன, ஓரங்களை மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம், மறைத்திருந்தது. "ஈரம் பட்டால் கெட்டுவிடும், திறக்காதீர்கள்" என்றார், ரொம்ப அக்கறையாக! வீட்டுக்கு வந்தும் உறுத்தலாகவே இருந்ததால் பின்பலகையைக் கழற்றினேன். அசலில் கம்பெனி பெயரும் தொடரின் விவரமும் இருக்க வேண்டிய பின்பக்கம் வெறும் வெள்ளை, காகிதமும் விசிட்டிங் கார்டை விட மெலிசு. யூவி டார்ச் அடித்தால் நீலவெள்ளையாகப் பளிச்சிடுகிறது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம்தான் அப்படி ஒளிரும்; அதைச் சேர்ப்பதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பழக்கம், 1889இல் ஏது?

மறுபதிப்பு விற்பதில் தப்பில்லை, மறுபதிப்பு என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். போன் செய்தால், "திறந்த ஃப்ரேமைத் திருப்பி எடுக்க மாட்டோம், பில் பின்னால் போட்டிருக்கிறதே" என்கிறார். அதாவது போலி என்று தெரிய வேண்டுமானால் திறக்க வேண்டும், திறந்தால் பணம் போச்சு. நல்ல ஏற்பாடு.

இதில் என் மடத்தனமும் உண்டு. பத்து மடங்கு லென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சும்மா நின்றிருக்கிறேன். கண்ணாடி மேலேயே வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: கல்லச்சில் புள்ளிகள் கை போட்ட மாதிரி ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும், என்னுடையதில் இன்றைய பத்திரிகைப் படம் போல வரிசை பிசகாத சின்னச் சின்னப் பூ வட்டங்கள்.

அப்புறம் பில். கம்பெனி பெயர், ஆண்டு, 'அசல்' என்ற வார்த்தை மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் நடையைக் கட்டுங்கள். என் பில்லில் இருப்பது "பறவைப் படம், ஃப்ரேமுடன், 6" மட்டும்.